வாளிக்குள் திட்டியவள்

"பேர் சொல்ல மாட்டேன். என்கிட்ட வர்ற ஒரு அம்மா, பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டுட்டு, வாளிக்குள்ள தலையை விட்டுப் புருஷனைத் திட்டுவாங்களாம். தண்ணிச் சத்தத்துல வெளிய கேக்காதாம்!" என்றார் மனநல ஆலோசகர் பிரபாவதி. குடியிருப்போர் சங்க ஆண்டு விழாவுக்கு வந்திருந்த கூட்டம் கொல்லென்று சிரித்தது.

மூன்றாவது வரிசையில் இருந்த வசுமதிக்கு உச்சந்தலைவரை எரிந்தது. 'இந்த அறையைத் தாண்டி ஒரு சொல் போகாதும்மா' என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன வாய்தானே இது? பதினோரு வருஷமாகத் தொண்டைக்குள் வைத்திருந்ததை அந்த வாயை நம்பித்தானே கொட்டினாள்? கைதட்டலுக்கு விற்றுவிட்டாளே, பாவி!

எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் பக்கத்திலிருந்த அவள் கணவன் ஞானசேகர். "டேங்க் காலியாகுதுடி, அரை மணி நேரமா என்ன குளியல்?" என்று தினமும் காலையில் கதவை இடிப்பவன். அவன் சிரிப்பு பாதியில் நின்றது. மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தான்.

வசுமதி எழுந்தாள். "உட்காருடி" என்று புடவையைப் பிடித்து இழுத்தான். உதறிவிட்டு மேடையேறி, பிரபாவதி கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"வாளிக்குள்ள அந்த அம்மா என்னென்ன திட்டுவாங்கன்னு இவங்க சொல்லவே இல்லையே," என்றாள். "நான் சொல்றேன். முதல்ல இவங்ககிட்டேருந்து ஆரம்பிக்கிறேன்."