காளியண்ணன் தொடாத பந்து

பந்து நேராகக் காளியண்ணனின் மார்புக்குத்தான் வந்தது. பெரிய துரை எதிரே நடந்து வந்தால் ஒதுங்குவானே, அப்படி ஒதுங்கி அதற்கு வழிவிட்டான்.

வேலியோரம் உட்கார்ந்திருந்த தோட்டத்துச் சனம் தலையில் கைவைத்தது. அவனுடைய அண்ணி சின்னத்தாய் எழுந்தே விட்டாள். "ஏன்டா, அது என்ன பாம்பா? பிடிச்சா கொத்திடுமா?"

ஆஸ்திரேலியாக்காரத் துரை தன் ஊர் ஆட்டம் என்று கொண்டுவந்து பழக்கிவிட்ட விளையாட்டு அது. முட்டை மாதிரி நீளப் பந்து. கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், இடுக்கிக்கொண்டு ஓடலாம், எதிராளியின் இடுப்பைக் கட்டிக் கீழே சாய்க்கலாம். ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற சனத்துக்கு அந்த ஆட்டத்தின் மேல் பைத்தியமே பிடித்துவிட்டது.

இன்றைக்கோ வெறும் பைத்தியம் இல்லை. காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து அரசாங்கம் ஊரடங்கு போட்டதிலிருந்து, ஆறு மணிக்குமேல் யாரும் லயத்து வரிசைவீடுகளை விட்டு வெளியே வர முடியாது. இரண்டு வருசமாக மாரியம்மன் திருவிழாவும் நின்றுகிடந்தது. பக்கத்துத் தோட்டத்தை ஜெயித்துக் காட்டுங்கள், கோல சிலாங்கூர் பட்டணத்துப் போலீஸ் அதிகாரியிடம் நானே பேசித் திருவிழாவுக்கு அனுமதி வாங்கித் தருகிறேன் என்று துரை வாக்குக் கொடுத்திருந்தார்.

சின்னத்தாய்க்கு அந்தத் திருவிழா நடந்தே ஆகவேண்டும். மகள் அம்மை போட்டுக் கண் திறக்காமல் கிடந்தபோது, தீச்சட்டி எடுக்கிறேன் தாயே என்று வாய்விட்டுச் சொன்னவள் அவள். பிள்ளை எழுந்து ஓடியாடத் தொடங்கிவிட்டாள். சட்டிதான் இன்னும் எடுத்தபாடில்லை. பிள்ளைக்கு உடம்பு லேசாகச் சுட்டாலும் ஆத்தா கணக்குக் கேட்கிறாளோ என்று இவள் ஓடிப்போய்த் திருநீறு எடுத்துப் பூசிவிடுவாள்.

நடுத்திடலில் நமக்கு மூன்று பேர். காளியண்ணன், முருகையா, ராஃபேல். துரை விசில் ஊதிப் பந்தைத் தரையில் அடித்து எழுப்பினால், இவர்கள்தான் பாய்ந்து பிடித்து முன்னால் அனுப்ப வேண்டும். அங்கேதான் ஓட்டை விழுந்தது.

ராஃபேல் காலையில் மாதா கோயில் பூசைக்குப் போய்வந்த தெம்போடு, பந்தைப் பச்சைப்பிள்ளைபோல் மார்பில் அணைத்துக்கொண்டு ஓடினான். ஒற்றை ஆள் எவ்வளவுதான் ஓடுவான்? மற்ற இருவரும் கூடவே ஓடினார்கள், குனிந்தார்கள், எதிராளியைக் கட்டிப் புரண்டார்கள். பந்து கிட்டே வந்தால் மட்டும் கை பின்னால் போனது.

தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் நல்லசாமி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் காரணம் கண்டுபிடித்தார். காளியண்ணன் பெண் எடுத்தது அந்தத் தோட்டத்தில். எதிர்ப்பக்கம் நடுவில் நிற்கிறவன் அவனுடைய சொந்த மச்சான். முருகையாவுக்கும் அங்கேதான் பெண் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"மாமியார் வீட்டுக்குச் சீர் வைக்கிறானுங்க லா," என்றார். "சட்டையப் பாரு. கொளுத்துற வெயில்ல முழுக்கை, அதுக்குப் பொத்தான் வேற. மாப்பிள்ளை சோக்கு."

கூட்டம் சிரித்தது. சின்னத்தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. கொழுந்தன் என்றும் பார்க்காமல், அவனுக்குச் சோறு போட்ட கையை நொந்துகொண்டு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லி வைதாள். முருகையாவுக்கும் பாதி பங்கு போனது.

கடைசியில் ஒரே ஒரு கோல் போட்டால் ஜெயிப்பு என்ற நிலை. பந்து உருண்டு வந்து முருகையாவின் காலடியில் நின்றது. சுற்றிலும் ஆளே இல்லை. அவன் வாய்க்காலைத் தாண்டுவதுபோல் அதைத் தாண்டிக் குதித்து அப்பால் போய் நின்றுகொண்டான். எதிராளி வந்து அள்ளிக்கொண்டு போனான். ஆட்டம் முடிந்தது.

துரை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தபடி பங்களாவுக்கு நடந்தார். ஊரடங்குக்கு முன் வீடு சேர வேண்டுமே என்று சனமும் முணுமுணுத்தபடி லயத்துக்குக் கிளம்பியது. சின்னத்தாய் மட்டும் திடலுக்குள் இறங்கிப் போய்க் காளியண்ணனின் கையைப் பிடித்தாள்.

"உனக்கு மச்சான் பெருசா, மாரியாத்தா பெருசா? இப்பவே சொல்லு."

அவன் கையை உருவப் பார்த்தான். அவள் விடவில்லை. இழுத்த இழுப்பில் பொத்தான் தெறித்து, சட்டைக்கை முழங்கைவரை ஏறியது.

மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. நடுவில் மஞ்சள் துண்டு வைத்து முடிந்த காப்பு. முருகையா தன் கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

நெருப்பைத் தொட்டவள்போல் அவள் பிடியை விட்டாள். ஆத்தாவுக்குக் காப்புக் கட்டியவன் அதை அவிழ்க்கும்வரை தோலைத் தொடக் கூடாது, செருப்புக்கூட ஆகாது. பந்தோ அசல் மாட்டுத்தோல். காப்புக் கட்டிய பிள்ளைகளையா இந்த வாய் இவ்வளவு நேரம் வைதது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

முன்னாடியே சொல்லியிருந்தால் வேறு ஆளை இறக்கியிருக்கலாமே என்று ஆற்றாமையோடு கேட்டாள். வேண்டுதலை ஆட்டம் முடிகிறவரை வெளியே சொன்னால் பலிக்காது என்று பூசாரி வாயைக் கட்டிவிட்டாராம். விடியற்காலையில் குளித்து, ஈரத்துணியோடு நின்று கட்டிக்கொண்டபோது, பந்து தோல் என்பது பூசாரிக்கும் தோன்றவில்லை, இவர்களுக்கும் தோன்றவில்லை. துரை அதைத் தூக்கிக்கொண்டு திடலுக்கு வந்தபோதுதான் உறைத்ததாம்.

"திருவிழாவே இல்லைன்னு ஆகிப்போச்சு. அப்படி என்னய்யா உங்களுக்கு அவசர வேண்டுதல்?"

காளியண்ணன் முருகையாவைப் பார்த்தான். முருகையா தரையைப் பார்த்தான்.

"இந்த ஆட்டத்துல ஜெயிக்கணும்னுதான், அண்ணி."