காதுக்கு நல்லது

"உன் பொண்டாட்டிக்குக் காது போயிடுச்சா, இல்ல என்னை மதிக்கலையா? ரெண்டுல ஒண்ணு எனக்கு இன்னிக்குத் தெரிஞ்சாகணும்!"

ஆஸ்வின் இன்னும் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. கிண்டியிலிருந்து அடையாறு வந்து சேர்வதற்குள் டிராஃபிக்கில் பாதி உயிர் போயிருந்தது. மீதியை வாசலிலேயே எடுத்தாள் அம்மா மர்சலின்.

"என்னம்மா ஆச்சு?"

"கேஸ்காரர் சிலிண்டரைத் தூக்கிக்கிட்டு மாடி ஏறி வந்து பெல் அடிக்கிறார். நான் பாத்ரூம்ல. மகாராணி கிச்சன்லதான் நிக்கிறா, காதுல ஹெட்போன்! நான் உள்ளேருந்து தொண்டை கிழியக் கத்தறேன், அசையலையே! அவர் பார்த்துப் பார்த்துட்டுத் திரும்பிப் போயிட்டார்."

சமையலறையிலிருந்து கரோல் எட்டிப் பார்த்தாள். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது.

"சாரி அத்தை. கேக்கலை."

"எப்படிக் கேக்கும்? அந்த போனே வேணாம் வேணாம்னு கெஞ்சுது. சத்தம் அதிகமா இருக்கு, காது கெட்டுப் போகும்னு ஸ்கிரீன்ல எழுதியே காட்டுது. இவ என்ன பண்றா தெரியுமா? ஓகேன்னு ஒரு தட்டு. மறுபடியும் ஃபுல் வால்யூம்! என் கண்ணால பார்த்தேன்டா. ஒரு மெஷினுக்கு இருக்கிற அக்கறைகூட அவளுக்கு அவ உடம்பு மேல இல்ல."

ஸ்கூல் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள் மர்சலின். அவள் பேசினால் கடைசி பெஞ்ச் வரைக்கும் கேட்கும்.

ஆஸ்வினுக்கும் சுர்ரென்று வந்தது. அந்த எச்சரிக்கையைக் கரோல் போனில் அவனும் பார்த்திருக்கிறான்.

"ஏன் கரோல், பாட்டைக் கொஞ்சம் கம்மியா வெச்சுக் கேட்டா ஆகாதா?"

கரோல் திரும்பி அடுப்பைத் தணித்தாள். அதுதான் அவனை இன்னும் கிளப்பியது.

"போனைக் குடு."

செட்டிங்ஸைத் திறந்தான். வால்யூம் பாதிக்கு மேல் ஏறாதபடி லிமிட் வைத்தான். அவள் மாற்ற முடியாதபடி ஒரு பின் நம்பரும் போட்டுப் பூட்டினான்.

"எல்லாம் உன் காதுக்கு நல்லதுதான்."

"வேணாங்க" என்றாள் கரோல். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெல் அடிச்சா இனிமே கவனமா இருக்கேன். அந்த லாக்கை மட்டும் எடுத்துடுங்க."

"இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா? சின்னப் புள்ளையா நீ?"

"நல்லாக் கேளு" என்றாள் மர்சலின்.

அதற்கப்புறம் வீட்டில் புகார் இல்லை. மர்சலின் கூப்பிட்டால் முதல் குரலுக்கே கரோல் வந்து நின்றாள். என்ன, சாப்பாடுதான் சரியாக இறங்கவில்லை. பேச்சும் குறைந்து போனது. போன் கோபம், தானாகச் சரியாகிவிடும் என்று ஆஸ்வின் விட்டுவிட்டான்.

அந்த வாரத்தில் ஒரு நாள் ஆபீஸில் நெட்வொர்க் படுத்துவிட்டது. மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்து உள்ளே வந்தான்.

சமையலறையில் கரோல் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். காதில் ஹெட்போன். கன்னமெல்லாம் ஈரம்.

அவனுக்குப் பொறுமை போய்விட்டது. பக்கத்து அறையில் போனில் இருந்த அம்மாவுக்குக் கேட்காதபடி பல்லைக் கடித்தான்.

"இன்னுமா அழுதுட்டிருக்க? அப்படி என்ன பாட்டு அது, ஃபுல் வால்யூம்ல கேட்டே ஆகணும்னு?"

அவள் தடுப்பதற்குள் ஹெட்போனைப் பிடுங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டான்.

பாட்டே இல்லை.

மழை. சும்மா மழை கொட்டுகிற சத்தம்.

"என்னது இது?" என்று கேட்க வாயெடுத்தவன் அப்படியே நின்றான். பாதி வால்யூமில் பெய்த மழையைத் தாண்டி, பக்கத்து அறையிலிருந்து அம்மாவின் குரல் கணீரென்று வந்தது. கொட்டிவாக்கத்தில் இருக்கும் அவன் தங்கை ஜெசிந்தாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு தடவை கலைஞ்சு போச்சுன்னா கோளாறு யார்கிட்டன்னு தெரியலையாடி? புள்ளையைத் தங்க வெச்சுக்கத் துப்பில்லாத உடம்பு. உங்கண்ணன் பாவம். வேற ஒருத்தனா இருந்தா எப்பவோ அவங்கப்பன் வீட்டுக்கு அனுப்பியிருப்பான்..."

ஆஸ்வின் ஹெட்போனை மெதுவாகக் கழற்றினான்.

"தினமுமா?"

கரோல் நிமிரவில்லை. "மத்தியானத்துல. நீங்க இல்லாதப்ப."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"சொன்னா அவங்ககிட்ட சண்டை போடுவீங்க. அவங்களும் உங்களை நம்பித்தானே இருக்காங்க?" நறுக்கியதை வாணலியில் தள்ளினாள். "காதுல விழுந்துட்டா, அவங்களுக்குச் சோறு போடறப்ப என் முகம் மாறிடுதுங்க. முதல்ல பாட்டுதான் வெச்சேன். ஒரு பாட்டு முடிஞ்சு இன்னொண்ணு வர்றதுக்குள்ள கேட்டுடுது. மழைன்னா நடுவுல நிக்காது. அதான்."

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பக்கத்து அறையில் பேச்சு நின்றது. செருப்புச் சத்தம் சமையலறைக்கு வந்தது. மகனைப் பார்த்ததும் மர்சலின் ஒரு நொடி திகைத்தாள். அப்புறம் சமாளித்துச் சிரித்தாள்.

"எப்படா வந்தே? பார்த்தியா உன் பொண்டாட்டியை? எல்லாம் நீ போட்ட பூட்டுதான். இப்பல்லாம் அவளுக்கு எவ்வளவு நல்லாக் காது கேக்குது!"

"ஆமாம்மா" என்றான் ஆஸ்வின். "இன்னிக்கு எனக்கும் நல்லாக் கேட்டுது."