அளவு நூல்

கணவர் ஞானராஜுக்கென்று எஸ்தர் ஆரம்பித்தது ஒரே ஒரு ஸ்வெட்டர்தான். நூல் பற்றாமல் போய்விடக் கூடாதே என்று தக்ளியில் தானே கம்பளி நூற்று, அவர் மார்பை ஒரு நூலால் சுற்றி அளந்து, சுற்று முடிந்த இடத்தில் நூலில் முடிச்சுப் போட்டுவைத்தாள். நோய் அவரை உருக்க உருக்க, மாதத்துக்கு ஒரு முடிச்சு உள்ளே தள்ளி விழுந்தது. ஒவ்வொரு தடவையும் பின்னியதைப் பிரித்துச் சின்னதாகப் பின்னினாள். மிஞ்சிய நூலை வீணாக்க மனமில்லாமல் மஃப்ளர், தொப்பி, காலுறை என்று தொடங்கியவையெல்லாம் ஊசியோடு கட்டிலைச் சுற்றிப் பாதியில் கிடந்தன.

"வீடெல்லாம் கம்பளியா இருக்கே, எதைத்தான் முடிக்கப்போற?" என்றார்.

"உங்க ஸ்வெட்டர் முடிஞ்சாத்தான் மத்ததெல்லாம். கையைத் தூக்குங்க."

ஞானராஜ் நூலை வாங்கி, நான்கு முடிச்சுகளையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவள் சுற்றியபோது மூச்சை நிறைய இழுத்து, நெஞ்சை நிமிர்த்தி அடக்கிக்கொண்டார். நூல் போன மாத முடிச்சிலேயே வந்து நின்றது. சரிதானே என்பதுபோல் அவளைப் பார்த்தார்.

அளந்தாயிற்று என்று சொல்ல எஸ்தருக்கு வாய் வரவில்லை. சொன்னால் அவர் மூச்சை விட்டுவிடுவார்.