அதிவிடயம்

அவர் காப்பியை ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார்.

அடுப்படியில் நின்றபடி அவள் தன் தம்ளரை வாயில் வைத்தாள். அப்படியே அங்கணத்தில் துப்பினாள்.

உப்பு. சீனி டப்பாவுக்குப் பதில் உப்பு டப்பா கைக்கு வந்திருக்கிறது. போதாததற்கு வாய் வெந்துபோகிற சூடு.

இதைத்தான் அவர் ஒரே மூச்சில் குடித்திருக்கிறார்.

ரசத்தில் ஒரு கல் உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளிவைக்கிற மனிதர்.

ஆடியில் ஒரு காலை அவருக்கு வாய் கோணியது, பேச்சு குழறியது. மாதம் திரும்புவதற்குள் நேராகிவிட்டது. நயினார் வைத்தியர் தன் வாதத்தைத் தானே விரட்டிவிட்டார் என்று அம்பாசமுத்திரம் முழுக்கப் பேச்சு. அதற்குப் பிறகு அவர் சாப்பாட்டில் குற்றமே சொன்னதில்லை. வயது ஏற ஏறப் பக்குவம் வந்துவிட்டது என்று அவளும் கோயிலில் நாலு பேரிடம் பெருமையடித்திருந்தாள்.

பக்குவமாவது ஒன்றாவது. நாக்கு போயிருக்கிறது.

முன்னறையில் குழந்தை சிணுங்கியது.

மருந்துக்கு வந்த செல்லக்கனி மடியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். கழிச்சல், கூடவே சுரம். பிள்ளை வாடிய கீரைத்தண்டாகக் கிடந்தது. வைத்தியர் உரைகல்லைக் கழுவி முன்னால் வைத்திருந்தார். பக்கத்துச் சங்கில் தாய்ப்பால். புதிதாக வந்த பார்சலைப் பிரித்து, அதிவிடயக் கிழங்கு ஒன்றை எடுத்தார். அவர் நாக்கு நன்றாக இருந்தபோது பார்த்து வைத்த பழைய இருப்பு நேற்றோடு தீர்ந்துவிட்டது.

அவள் கதவோரம் வந்து நின்றாள்.

அதிவிடயம் இந்தப் பக்கத்தில் முளைப்பதில்லை. வடக்கே பனிமலையில், மரங்கள்கூட ஏறாத உயரத்துப் புல்வெளியில் பூக்கிறது. கல்யாணமான புதிதில் அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். பச்சையில் ஊதா நரம்பு ஓடிய பூ. தலையில் முக்காடு போட்டதுபோல் ஒரு மடல். அதே மலையில் நாபி என்கிற செடியும் நிற்கும். அதற்கும் முக்காடு உண்டு, ஆனால் நல்ல நீலம். பூவோடு பார்த்தவன் ஏமாறமாட்டான். தோண்டிக் காயவைத்துவிட்டால் இரண்டும் சுருங்கிப்போன சுண்டுவிரல்தான்.

ஒன்று பிள்ளைகளின் கழிச்சலையும் சுரத்தையும் நிறுத்தும்.

மற்றது மூச்சை.

அதனால் இந்த வீட்டில் ஒரு வழக்கம். கிழங்கு கல்லில் படுமுன் வைத்தியர் நாக்கில் படவேண்டும். நுனியை ஒடித்து நாக்கில் வைப்பார். வெறும் கசப்பு என்றால் மருந்து. நாக்கு சுறுசுறுவென்று மரத்தால் நாபி. அவர் அப்பாவும் அப்படித்தான் பார்த்தார்.

இன்றும் ஒடித்தார். நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார்.

நுனியைத் துப்பிவிட்டு, சரி என்று தலையாட்டினார்.

அதைப் பார்த்து அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. நாக்கு செத்துவிட்டது என்று சொன்னால் வைத்தியரும் செத்துவிட்டார் என்றாகும். அதைத்தான் அந்த மனிதர் இத்தனை நாளாக மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறார்.

கிழங்கு கல்லை நோக்கி இறங்கியது.

மருந்துக்கு ஆள் வந்திருக்கும்போது அவள் முன்னறைக்குள் காலெடுத்து வைத்ததில்லை.

வைத்தாள்.

குனிந்து அவர் கையிலிருந்து கிழங்கை வாங்கினாள். மறுநுனியை ஒடித்துத் தன் நாக்கில் வைத்தாள்.

செல்லக்கனி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவர் கோபப்படவில்லை. அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. கசக்கட்டும் என்று பாபநாசத்து உலகம்மையை வேண்டிக்கொண்டாள். வாழ்க்கையில் இதுவரை எதுவும் கசக்கவேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டதில்லை.

கசக்கவில்லை.

நாக்கு நுனியில் எறும்பு ஊர்ந்தது. பிறகு உதட்டில்.

அவள் முந்தானையில் துப்பினாள்.

அவர் சங்கிலிருந்த பாலை வாசலில் கொட்டிவிட்டு வந்தார். உரைகல்லைக் கவிழ்த்து வைத்தார்.

“பிள்ளைய இப்பவே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ தாயீ. எனக்கு நாக்கு செத்துப்போச்சு.”

செல்லக்கனி பிள்ளையை வாரிக்கொண்டு ஓடினாள். தெருமுனையில் ஆட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது.

அவர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். கொப்பளிக்கச் சொன்னார். துப்பியதும் மறுபடி கொப்பளிக்கச் சொன்னார். செம்பு காலியானதும் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

“காப்பில என்ன போட்டே?”

உப்பு என்று சொல்ல வாயெடுத்தாள். உதடு கூடவில்லை. கடைவாயில் எச்சில் வழிந்தது.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் துடைத்துவிட்டார், ஆடியில் அவள் அவருக்குத் துடைத்துவிட்டதுபோல.