சிரிக்காத மாதா

“அந்தப் படத்துல இருக்கிற மாதிரியே உக்காந்தா போதும்க்கா” என்றான் ஷெல்டன்.

பழைய மாதா படம் ஒன்றை மேடையில் அசையாமல் உட்கார்ந்து காட்டும் நிகழ்ச்சி அது. மாதாவாக உட்கார வேண்டிய பெண்ணுக்குத் திடீர்க் காய்ச்சல். மயிலாப்பூர் சர்ச்சின் பங்கு மண்டபத்தில் நாற்காலிகள் நிரம்பிவிட்டன.

உடை தைத்துக் கொடுக்க வந்த ஜூலியட்டுக்குத்தான் அந்த உடை சரியாக இருந்தது.

“வேற யாரையாவது பாரு ஷெல்டன்.”

அதற்குள் நீலப் போர்வையை அவள் தலையில் போட்டுவிட்டான்.

எதிர்த் தூணில் அந்தப் படத்தை ஒட்டியிருந்தார்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் இத்தாலியில் யாரோ வரைந்தது. சிவப்பு அங்கி, நீலப் போர்வை, மடியில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை.

பட்டினப்பாக்கத்துப் புஷ்பம் இடுப்பில் குழந்தையோடு மேடை ஏறினாள். அவள் முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தான் அவன்.

ஜூலியட் கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“கீழ போட்டுட்டேன்னா?”

“போட மாட்டே. கைய நீட்டு கண்ணு.”

மடி மாறியதும் அவன் வீறிட்டான். திரை விலகியது.

அசையக் கூடாது. ஜூலியட் படத்தையே பார்த்தாள்.

அந்தத் தாய் சிரிக்கவில்லை. குழந்தையைப் பார்க்கவும் இல்லை. ஏதோ பயம் வந்தவள்போல வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஒரு கை குழந்தையின் தொடைக்குக் கீழே, இன்னொரு கை நெஞ்சைச் சுற்றி.

பயந்துகொண்டேதான் பிடித்திருக்கிறாள்.

ஜூலியட்டும் அப்படியே பிடித்தாள்.

அழுகை விக்கலாகித் தேய்ந்தது. ஈரக் கன்னம் ஒன்று அவள் கழுத்தில் வந்து ஒட்டியது. சின்ன மூச்சு சுடச்சுடப் பட்டது.

கைதட்டலோடு திரை மூடியது. புஷ்பம் ஓடிவந்து கைகளை நீட்டினாள்.

“இருக்கட்டும்க்கா” என்றாள் ஜூலியட்.

விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்த இனாயத், புஷ்பத்தைப் பார்த்துச் சிரித்தார். “உன் புள்ள ஷோக்கா உக்காந்துகினாம்மா.”

“என் புள்ள இல்ல நைனா, நான் பாத்துக்கிற ஆயாதான். பெத்தவ அதோ கீறா பாரு.” புஷ்பம் குரலைத் தாழ்த்தினாள். “பொறந்ததுலேர்ந்து இவனத் தொடவே பயந்துகினு இருந்தா. டாக்டரு, மாத்திரை, எல்லாம் பாத்தாச்சு. இன்னிக்குத்தான் மடியில வாங்கிக்கினா.”

ஜூலியட் அதைக் கேட்கவில்லை. போர்வையைக் கழற்றவும் மறந்து, மகனின் காதருகே அவன் பெயரை மெல்லச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.