ஜெசிந்தாவின் நடை

ஜெசிந்தா பல வருடமாக வாதம் என்று எண்ணெய் தேய்த்துவந்த இடது உள்ளங்காலில் இருந்தது, நரம்புறையில் வளர்ந்த அபூர்வமான கட்டி என்று கடைசியில் ஸ்கேனில் தெரிந்தது. கெட்ட கட்டி இல்லை என்று சொல்லி மருத்துவர் அதை எடுத்துவிட்டார். தையல் ஆறியதும் அவள் பஸ்ஸை விட்டு இறங்கி நொண்டாமல் வீட்டுக்கு நடந்தாள். கணவன் லியோன் வழக்கம்போல் நாலடி பின்னால் வந்தான். நொண்டுகிறவளோடு சேர்ந்து நடக்க அவனுக்கு வெட்கம் என்று நெடுநாளாக நினைத்திருந்தாள். கேட்டதில்லை.

நடையைப் பார்த்துத் திறக்கும் வாசற்கதவு அவளுக்குத் திறக்கவில்லை.

"தெரியாத நபர்," என்றது.

"இவ என் பொண்டாட்டி," என்றான் லியோன்.

"உங்கள் மனைவியின் நடை இதுவல்ல. புது நடையைப் பதிய, பழைய நடையை ஒருமுறை நடந்து காட்டவும்."

ஜெசிந்தா கேட்டுக்குப் போய் நொண்டிக்கொண்டு வந்தாள். கதவு அசையவில்லை. மறுபடி நொண்டினாள். வலியில்லாத கால் அவள் சொன்னபடி கேட்கவில்லை.

"எப்படி நடந்தேன்னே மறந்துபோச்சுங்க."

"செருப்பக் கழட்டு," என்றான்.

அவள் செருப்பில் முக்கால் பாதத்தை நுழைத்துக்கொண்டு லியோன் கேட்டிலிருந்து கிளம்பினான். இடது பாதத்தின் வெளி ஓரத்தை மட்டும் ஊன்றி, இடுப்பை லேசாகத் தூக்கித் தூக்கி நடந்தான். படி வந்ததும் ஒரு மூச்சு நின்று, சுவரைத் தொட்டு, வலது காலை முதலில் வைத்தான்.

"வாருங்கள், ஜெசிந்தா," என்று கதவு திறந்தது.

நாலடி பின்னால் நின்று ஜெசிந்தா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.