கராஜில் அழுத அப்பா

ஒரு தேசத்தின் கவிதையையே புரட்டிப்போட ஒரு தகப்பனின் கண்ணீர் போதும்.

அவளுடைய தன்வரலாற்றின் பின்னட்டை அப்படித்தான் சொல்லிற்று. அதை எழுதிக் கொடுத்தவர் அவள் கணவர். விவாகரத்துக்கு முந்தின மாதம்.

இப்போது அந்தத் தகப்பனே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். குளிர்கோட்டைக் கழற்றாமல்.

அவள் மேடையில் நின்றாள். கவிதையை அப்போதுதான் வாசித்து முடித்திருந்தாள்.

ஒரு சிறுமி ஜன்னல் வழியே பார்க்கிறாள். வெளியே மிச்சிகன் பனி. எதிரே, திறந்து கிடக்கும் கராஜில், காருக்குப் பின்னால் அப்பா தனியே நிற்கிறார். குனிகிறார். நிமிரும்போது அவர் கண்களில் நீர் வழிகிறது. உள்ளே வருகிறார். அவர்மேல் கடல் மணக்கிறது.

அவ்வளவுதான் கவிதை.

அதற்கு இரண்டு விருதுகள். ஒரு பேராசிரியர் வேலை. பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம். பிறகு அதையே இழுத்து முந்நூறு பக்கத்துக்குத் தன்வரலாறு. அப்பா இழந்த கடலைப் பற்றி ஓர் அறிஞர் ஆய்வே எழுதிவிட்டார்.

அப்பாவுக்குச் சொந்த ஊர் தாராபுரம். அங்கே கடல் கிடையாது. அறிஞர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அரங்கம் முனகியது.

அங்கெல்லாம் கவிதைக்குக் கை தட்ட மாட்டார்கள். கண்ணை மூடி, பல்வலிக்காரரைப் போல, ம்ம்ம் என்பார்கள். முனகல் எவ்வளவு நீளமோ கவிதை அவ்வளவு ஆழம்.

கூட்டத்தை நடத்திய விட்லாக் முன்வரிசைப் பக்கம் குனிந்தார். அந்த மாலை உங்களுக்குள் எது உடைந்தது என்று அப்பாவிடம் கேட்டார். குழந்தைக்கு மருந்து புகட்டுவது போல, ஒவ்வொரு சொல்லாக. புத்தகத்தில் அப்பா 'இரண்டு மொழிகளுக்கு நடுவே தொலைந்துபோன மனிதர்' அல்லவா.

மைக் அப்பாவின் கைக்குப் போயிற்று.

அவள் அந்த அழுகையைப் பற்றி அவரிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். இல்லை என்று ஒரு சொல் வந்தால், இத்தனை வருடப் பேரும் போயிற்று.

அப்பா வாயைத் திறந்தார்.

மூடினார்.

அரங்கத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தமிழில் சொன்னார்.

"அது அழுகையில்ல கண்ணு. வீட்டுக்குள்ள கருவாடு வறுத்தா கோட்டெல்லாம் நாறுதுன்னு உங்கம்மா வெரட்டி உட்டுட்டா. அதான் ஸ்டவ்வத் தூக்கிட்டு கராஜுக்குப் போனேன். வரமொளகா நெடி வேற. கண்ணத் தொறக்க முடியல, போ."

தமிழ் என் ரத்தத்தில் ஓடுகிறது என்று நேர்காணல்களில் சொல்லுவாள். உண்மையில் அவளிடம் இருந்தது சமையலறைத் தமிழ் மட்டும். கெட்ட நேரம், பதிலும் சமையலறையிலிருந்தே வந்துவிட்டது.

ஒரு சொல் விடாமல் புரிந்தது.

புரியாதது வேறு.

கடல் மணம், கருவாடு. சரி. கண்ணீர், மிளகாய். சரி. அப்படியானால் ஜன்னலில் நின்ற சிறுமிக்கு நெஞ்சு அடைத்ததே, அது என்ன? அதுவும் நெடிதானோ? இல்லை, நெஞ்சு அடைத்தது கவிதை எழுதிய பிறகுதானோ? வரி வரியாகத் தடவிப் பார்த்தாள். பனி மட்டும் மிஞ்சியது.

அதைவிடக் குழப்பம், அப்பா ஏன் தமிழில் சொன்னார் என்பது. வெளியாட்கள் முன்னால் அவர் தமிழ் பேசி அவள் கேட்டதே இல்லை. அது மரியாதை இல்லை என்று அம்மாவையே கடிந்துகொள்கிறவர்.

நூறு பேர் அவள் வாயைப் பார்த்தார்கள். மொழிபெயர்க்கலாமே என்பது போல விட்லாக் கையை நீட்டினார்.

தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

அந்த மாலையைப் பற்றிப் பேசும் தெம்பு தனக்கு இன்னும் வரவில்லை என்கிறார் அப்பா, என்றாள்.

முனகல் எழுந்தது. அன்றைக்கு எழுந்ததிலேயே நீளமானது.

அவர் பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்துவிட்டாள்.

அப்பா மெதுவாகத் தலையை ஆட்டினார். கோட்டுக்குள் கையை விட்டுக் கைக்குட்டையை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றினார். உலர்ந்து கிடந்த கண்களை நிதானமாகத் துடைத்தார். முதலில் ஒன்று. கொஞ்சம் இடைவெளி விட்டு, மற்றது.

பின்வரிசையில் யாரோ ஒரு பெண்மணி தேம்பினார்.

விட்லாக் கீழே இறங்கி வந்தார். அப்பாவின் கையைப் பற்றிக்கொண்டு, காது கேளாதவரிடம் சொல்வது போல, உரக்க, உடைத்து உடைத்து நன்றி சொன்னார்.

அப்பா கைகூப்பினார். கோயிலில்கூட அவர் அவ்வளவு தாழக் கூப்பியதில்லை.

அவள் மேடையிலேயே நின்றாள். அடுத்த கவிதைக்குப் பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்பது மறந்துபோயிற்று.

கல்லூரியில் இடம் கேட்டு, தன் வாழ்க்கையைப் பற்றித் தானே எழுதியதாக அவள் அனுப்பிய ஆங்கிலக் கட்டுரையை எழுதியவர் அப்பா.